நீச்சல் போட்டிக்குப் போகும் பிள்ளைகள்: வீடும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை



மூன்று வருடங்களுக்கு முன் திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகன் அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு நீச்சல் கிளப்பில் சேர்ந்து, மாவட்டப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கியிருந்தான். மாதக் கட்டணத்துக்கும் அடுத்த போட்டிக்கான நுழைவுக் கட்டணத்துக்கும் உதவி கேட்டார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் தகப்பனாருக்கு அந்த மாதங்களில் ஓட்டம் சரியாக இல்லை. "கல்விக்கும் மருத்துவத்துக்கும் நிக்காஹுக்கும்தான் நம்மிடம் நிதி இருக்கிறதம்மா, விளையாட்டுக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுபேச்சுப் பேசாமல் பதக்கங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு. குளத்துக்குப் போவதை அந்த வருடமே விட்டுவிட்டான். ஜும்ஆவில் பார்த்தால் ஸலாம் சொல்வான். அவனுக்கு எங்கள் மீது கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எங்களுக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

இந்த வருடம் இரண்டு குடும்பங்கள் இதே உதவி கேட்டு வந்தபோது உடனே பதில் சொல்லவில்லை. பயிற்சியாளர்களிடமும், பிள்ளைகளை இந்தத் துறையில் விட்டிருக்கும் பெற்றோரிடமும், நம் ஆலிம்களிடமும் பேசினோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தண்ணீர் நமக்குப் புதிதல்ல

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் வீடுகள் கடலை ஒட்டியே இருக்கின்றன. ஆனாலும் நம் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. விடுமுறை நாளில் தடுப்புக் கற்களுக்கு நடுவே குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் ஜனாஸாவில் நம்மில் பலர் நின்றிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம்.

வீண் விளையாட்டில் சேராத நான்கு காரியங்களில் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற கருத்தில் நபிமொழி ஒன்று இமாம் நஸாயீயின் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நீச்சலை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். போட்டிக்கான பயிற்சியைக் கடலில் வைத்துக்கொள்ளக் கூடாது. நம் பகுதியில் தடுப்புக் கற்களை ஒட்டிய இழுப்பும் கப்பல் போக்குவரத்தும் ஆபத்தானவை. தண்ணீரும் சுத்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். பயிற்சி என்றால் ஆள் காவல் உள்ள குளம்தான்.

கிளப் நீச்சல் என்றால் என்ன?

கோடை விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் நீந்தக் கற்றுக்கொள்வது வேறு, கிளப்பில் சேர்ந்து போட்டிக்கு நீந்துவது வேறு. கிளப்பில் வாரத்துக்கு ஐந்தாறு நாள், பெரும்பாலும் அதிகாலையில், பயிற்சி இருக்கும். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்று நான்கு முறைகள். 50, 100, 200 மீட்டர் என்று தூரங்கள். வயதை வைத்துப் பிரிவுகள். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போட்டிகள் மேலே போகும்.

பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்த விளையாட்டில் எதிராளி கடிகாரம்தான். வினாடியை நூறாகப் பிரித்து அளக்கிறார்கள். பிள்ளை ஆறாவதாக வந்தாலும் போன முறையைவிட ஒரு வினாடி குறைவாக நீந்தியிருந்தால் அது நல்ல முன்னேற்றம். முதலாவதாக வந்தும் நேரம் கூடியிருந்தால் பயிற்சியாளர் யோசிப்பார். நாம் பதக்கத்தை மட்டும் பார்க்கிறோம். பிள்ளையோ தன் நேரத்தைப் பார்க்கிறான். வீட்டில் வரும் மனத்தாங்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று, நேரம் எப்போதும் குறைந்துகொண்டே போகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு வளரும்போது கையும் காலும் நீண்டு, பழகிய அசைவு குலையும். ஆறு மாதம், ஒரு வருடம் நேரம் அப்படியே நிற்கலாம். கூட நீந்தும் பையன் முன்கூட்டியே வளர்ந்துவிட்டதால் முந்துவான். இதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டினால் பிள்ளை விட்டுவிடும்.

மூன்று பிள்ளைகளின் வரலாறு

நிஷா மில்லட் என்ற பெண் ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்தவர். பிள்ளைக்குத் தண்ணீர் பயம் போக வேண்டும் என்று தகப்பனார் நினைத்தார். 1991இல் நம் சென்னை ஷெனாய் நகரில்தான் அவர் நீந்தக் கற்றார். பிறகு 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இந்தியப் பெண் ஆனார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தினார். தொடக்கத்தில் தகப்பனார் கேட்டது பதக்கமல்ல, மகளின் உயிருக்குப் பாதுகாப்பு.

சஜன் பிரகாஷ் கேரளத்தில் பிறந்தவர் என்றாலும் வளர்ந்தது நெய்வேலியில். தாய் ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவர், நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடியிருப்பின் குளத்தில்தான் பையன் நீந்தத் தொடங்கினான். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தி, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். தேவையான நேரம் 1 நிமிடம் 56.48. இடைவெளி வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் ஒரு தாய் பல வருடங்கள் விடியலில் எழுந்த உழைப்பு இருக்கிறது.

குற்றாலீஸ்வரனை நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1994இல், பள்ளிக்கூடம் போகும் வயதில், ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்ச்சந்திகளை ஒரே ஆண்டில் நீந்திக் கடந்தார். தமிழ்நாடே கொண்டாடியது. ஆனால் தொடர்ந்து செலவைத் தாங்கும் ஆதரவு போதிய அளவு கிடைக்காத நிலையில், அவர் படிப்பின் பக்கம் திரும்பினார். மாலை போடும்போது ஊரே நிற்கும், மாதக் கட்டணம் கட்டும்போது குடும்பம் தனியாக நிற்கும். நாங்கள் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியதும் இதே வகைதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தூக்கம்: ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்குமேல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாலரைக்கு எழ வேண்டிய பிள்ளை இஷா தொழுதவுடன் படுக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் பதினொன்று வரை டிவி பார்த்துக்கொண்டு, "நீ மட்டும் தூங்கு" என்றால் நடக்காது. ஒரு பிள்ளை நீந்தினால் வீடே கொஞ்சம் முன்னதாக விளக்கை அணைக்க வேண்டியிருக்கும்.

தொழுகை: கோடையில் சுபுஹு தொழுதுவிட்டே புறப்படலாம். ஜனவரியில் சுபுஹு நேரம் தொடங்கவே ஐந்தேகால் ஆகிவிடும். அப்போது குளத்துக்குப் போன பிறகு, தண்ணீரில் இறங்கும் முன் தொழுதுகொள்ள ஐந்து நிமிடமும் ஓர் ஓரமும் பயிற்சியாளரிடம் கேட்டுப் பெறுங்கள். நாங்கள் பேசிய பயிற்சியாளர்கள் யாரும் மறுக்கவில்லை. நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

உணவு: புறப்படும் முன் ஒரு வாழைப்பழமும் பாலும் போதும். முடித்த அரை மணி நேரத்துக்குள் இட்லி, முட்டை, சுண்டல் என்று வயிறு நிறையக் கொடுங்கள். டப்பாவில் கட்டிக்கொடுத்தால் பள்ளிக்குப் போகும் வழியில் சாப்பிட்டுவிடும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், குடிக்கத் தண்ணீர் பாட்டில் வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு வலீமா விருந்தில் பிரியாணி வேண்டாம். விலை உயர்ந்த பவுடர் டப்பாக்கள் தேவையே இல்லை.

உடம்பு: நீந்தியபின் நல்ல தண்ணீரில் குளித்து, காதை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தோள் வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். நம் பகுதியில் பிள்ளைகளுக்கு இருமலும் மூச்சிரைப்பும் சாதாரணம். கடையில் நாமே இருமல் மருந்து வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தைப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு விட்டுவிட வேண்டும். பல இருமல் மருந்துகளில் இருக்கும் டெர்புட்டலின், விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. மருத்துவரிடம் "இவன் போட்டிக்கு நீந்துகிறான்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்கெனவே மூச்சிரைப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளை அதைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

போக்குவரத்து: 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரல் போய்ச் சேர்வது எளிதாகிவிட்டது. பெரியமேடு மை லேடீஸ் பூங்காவில் உள்ள மாநகராட்சிக் குளம் அங்கிருந்து பக்கம். 1995இன் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்தில்தான் பெரிய போட்டிகள் பலவும் நடக்கின்றன. நமக்கு அது ஊரின் மறுகோடி. ஒரே தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் முறை வைத்துக்கொண்டு அழைத்துப் போகலாம்.

போட்டி நாளில்

காலரியில் உட்கார்ந்து "வேகமாப் போடா" என்று கத்துவது பிள்ளைக்குக் கேட்காது. தண்ணீருக்குள் தலை. கேட்பதெல்லாம் பக்கத்தில் இருக்கும் அடுத்த பிள்ளையின் தாய்க்குத்தான். நுட்பத்தைச் சொல்லித்தருவது பயிற்சியாளர் வேலை. இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளை குழம்பும்.

சில நேரம் முதலாவதாக வந்தும் தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் போச்சு. நடுவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் பயிற்சியாளர் முறைப்படி கேட்பார்.

பிள்ளை ஈரத்தோடு உங்களிடம் வரும்போது முதல் வார்த்தையாக நேரத்தையோ இடத்தையோ கேட்காதீர்கள். "தலையைத் துவட்டு, சாப்பிடு" என்று சொல்லுங்கள். பேச வேண்டியதை அவனே வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேசுவான். இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு தகப்பனார். "முதல் ஒரு வருடம் ரயிலில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன் பாய். பிறகு என்னோடு வர மாட்டேன், மாமாவோடு போகிறேன் என்று சொல்லிவிட்டான்" என்றார். இப்போது அவர் காலரியில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மகனும் அவரோடுதான் வருகிறான்.

உடையும் நோன்பும்

ஆண் பிள்ளைகளுக்கு இது சிரமமே இல்லை. சர்வதேச விதிப்படி குளப் போட்டிகளில் ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது. அதற்குள் முழங்கால் வரை வரும் ஜாமர் என்ற உடை கடைகளில் கிடைக்கிறது. பெரும்பாலான இமாம்கள் ஆண்களின் அவ்ரத் என்று சொல்லும் அளவும் தொப்புள் முதல் முழங்கால் வரைதான். இடுப்பில் இறங்காமல் நிற்கிறதா என்று அளவு பார்த்து வாங்குங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதே விதியின்படி பெண்களின் உடை தோளைத் தாண்டியோ முழங்காலைத் தாண்டியோ போக முடியாது. இங்கிலாந்தில் 2015இல் அமெச்சூர் நீச்சல் சங்கம், சமயக் காரணத்துக்காக முழு உடல் உடை அணிந்து போட்டியிட அனுமதி கொடுத்தது. இங்கே ஒவ்வொரு போட்டிக்கும் முன்பே கிளப் மூலமாக எழுதிக் கேட்க வேண்டும். போட்டி வேண்டுமா என்பதைக் குடும்பம் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உள்ள இடத்தில் நம் பெண் பிள்ளைகள் அனைவரும் நீந்தக் கற்றே தீர வேண்டும். கடல் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்ப்பதில்லை.

ரமலானில் பாலிகான பிள்ளைகள் நோன்போடு நீந்தும்போது தண்ணீர் உள்ளே போய்விடும் அச்சம் இருக்கிறது. உடம்பும் தளரும். அந்த மாதத்துக்கு இரவு நேரப் பயிற்சியோ, தண்ணீரில் இறங்காத உடற்பயிற்சியோ கொடுக்கும்படி பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு மாதம் வேகம் குறைந்தால் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, பிள்ளையின் பாதுகாப்பு. பயிற்சியாளர் பிள்ளையைத் தனியறையில் சந்திப்பது, பெற்றோருக்குத் தெரியாமல் செல்போனில் செய்தி அனுப்புவது, பயிற்சியைப் பார்க்கப் பெற்றோரை விடாதது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட வருகிறார், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்பது நம் உரிமை. பிள்ளை எதையாவது தயங்கிச் சொன்னால் நம்பிக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கும்.

இரண்டு, வயது. கீழ்ப் பிரிவில் நீந்தினால் பதக்கம் கிடைக்கும் என்று பிறந்த தேதியைக் குறைத்துக் காட்டச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது பொய். இன்னொரு பிள்ளையின் பதக்கத்தை எடுத்துக்கொள்வது. அப்படிப்பட்ட எந்தத் தாளிலும் நம் அறக்கட்டளை கையெழுத்துப் போடாது.

பத்தாம் வகுப்பு வந்தால்?

பெரும்பாலான பிள்ளைகள் நீச்சலை விடுவது இங்கேதான். ஆறு வருட உழைப்பை ஜூன் மாதமே நிறுத்திவிடுகிறோம். நாங்கள் கேட்ட பெற்றோர் சொன்ன வழி: முழுவதும் நிறுத்த வேண்டாம், வாரத்தில் மூன்று நாளாகக் குறையுங்கள். அதிகாலையில் எழுந்து பழகிய பிள்ளைக்கு மீதி நாட்களில் படிக்கவும் அதே நேரம் கிடைக்கிறது.

விளையாட்டு படிப்புக்கு எதிரியும் அல்ல. நம் மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. முதலமைச்சர் கோப்பையில் நீச்சலும் இருக்கிறது. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் வீரர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் சான்றிதழ்தான் ஆதாரம். மாவட்டப் போட்டியிலிருந்தே எல்லாச் சான்றிதழையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆனால் ஒதுக்கீட்டுக்காக மட்டும் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளாதீர்கள். பலர் நீந்துவார்கள், சிலருக்குத்தான் அது கிடைக்கும். எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பது ஆரோக்கியமும் ஒழுங்கும், ஓர் உயிரைக் காப்பாற்றும் திறமையும்.

நம் அறக்கட்டளையின் முடிவு

ஜகாத் நிதியை இதற்குத் தொடுவதில்லை என்று ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்திருக்கிறோம். அது அதற்குரியவர்களுக்கே போகும். பொது நன்கொடையிலிருந்து, வசதி குறைந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்குக் கிளப் கட்டணத்திலும் போட்டி நுழைவுக் கட்டணத்திலும் ஒரு பகுதியை இந்த வருடம் முதல் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். பதக்கம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறான் என்று பயிற்சியாளரின் கடிதமும், பள்ளியின் வருகைச் சான்றும் போதும். ஒரு வருடம் நேரம் குறையவில்லை என்பதற்காக உதவியை நிறுத்த மாட்டோம்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் வேறு விதத்தில் உதவலாம். அளவு சிறிதாகிப்போன நல்ல ஜாமர், நீச்சல் கண்ணாடி, தொப்பி இருந்தால் கழுவிக் கொண்டுவந்து கொடுங்கள். விடியலில் வண்டி எடுத்துச் செல்பவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த அந்தத் தாயின் வீட்டுக்குப் போன வாரம் நாங்களே போனோம். அன்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தோம். "போகட்டும் பாய், இனி வர்ற புள்ளைங்களுக்குச் செய்யுங்க" என்றார். மகன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான். போட்டிக்கு இனிப் போகும் எண்ணம் இல்லை என்றான். ஆனால் கோடை விடுமுறையில் நம் தெருப் பிள்ளைகள் நீந்தக் கற்கும்போது குளத்தில் கூட நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனை நம்பித்தான் அந்த வகுப்புக்குப் பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைத் தண்ணீரிலும் கரையிலும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்